“பாசமா இருந்தா வேலை நடக்குமா?” – கரையோரத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் வேலை பார்த்தேன். வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற மேசையில் ஆரம்பித்து, சூப்பர்வைசராகி, கடைசியில் மேனேஜர் நாற்காலியிலும் உட்கார்ந்தாயிற்று. இப்போது கூப்பிடுகிற இடத்துக்குப் போய்ப் பேசுகிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நண்டு கம்பெனி, மீன் கம்பெனி, பாசி வளர்க்கிற மகளிர் குழு, விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டிகள், ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன். பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர் அவர்களிடம் அன்பாகவும் இருக்க முடியுமா என்பதுதான் பேச்சு. எங்கே போனாலும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. வேலை செய்யுற இடத்துல அன்பு, பாசம்னு பேசுறது கூச்சமா இல்லையா மேடம்?

முதலில் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் கட்டிப்பிடிப்பதும் கண் கலங்குவதும்தான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது அதையல்ல. ஒரு உதாரணம் சொன்னால் புரியும்.

நண்டு ஓடு குத்தாத விரல் எங்கள் மேசையில் கிடையாது. உணவுப்பொருள் தயாரிக்கிற எந்த இடத்திலும், கையில் திறந்த காயம் இருப்பவர் பொருளைத் தொடக்கூடாது என்பது விதி. தினமும் காலையில் கைகளை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். நான் சேர்ந்தபோது இரண்டு சூப்பர்வைசர்கள் இருந்தார்கள். ஒருவர் காயத்தைப் பார்த்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அன்றைய கூலி போச்சு. இன்னொரு அக்காவும் அதே விதிப்படி மேசையிலிருந்து எழுப்பிவிடுவார். ஆனால் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, கூடை எண்ணுகிற வேலையோ கணக்கு எழுதுகிற வேலையோ கொடுத்துவிடுவார். நாளைக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்பார், மறுநாள் மறக்காமல் பார்க்கவும் செய்வார்.

முதலாமவர் வருகிற நாளில் நாங்கள் எல்லோரும் காயத்தை மறைத்தோம். அக்கா வருகிற நாளில் நாங்களே போய்க் கையைக் காட்டினோம். எந்த நாளில் போன சரக்கு சுத்தமானது என்று நீங்களே சொல்லுங்கள். வேலை வாங்குகிறவரின் பாசம் என்று நான் சொல்வது அந்த அக்கா செய்ததைத்தான்.

2. நான் எல்லாரையும் அக்கா, தம்பினுதான் கூப்பிடுறேன். அது போதாதா?

போதாது. நம் ஊரில் பஸ் கண்டக்டரும் அண்ணன்தான், கடனைத் திருப்பிக் கேட்க வருகிறவரும் அண்ணன்தான். நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அந்தப் பெண், ஒரு தம்பியிடம் பேசுவதுபோல “நீ செய்றது சரியில்லப்பா” என்று உங்களிடம் சொல்ல முடியுமா? முடியும் என்றால் உங்கள் வாயில் வரும் அக்காவுக்கு அர்த்தம் இருக்கிறது.

3. “நம்ம கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி”னு எங்க முதலாளி அடிக்கடி சொல்வாரு. அது நல்ல விஷயம்தானே?

எந்த நேரத்தில் சொல்கிறார் என்று கவனியுங்கள். இரவு பத்து மணிக்கு லோடு வந்து நிற்கும்போது மட்டும் “நாமெல்லாம் ஒரு குடும்பம்” என்று கேட்டால், அது ஓவர்டைம் கூலியை மிச்சப்படுத்துகிற பேச்சு. நம் பக்கத்தில் பாசத்துக்குக் கெட்ட பேர் வந்ததே இப்படித்தான். காசு கொடுக்க வேண்டிய இடத்தில் பாசத்தைக் கொடுத்துப் பழகிவிட்டார்கள்.

என் கணக்கில் முதலில் வருவது தராசு. எங்கள் வேலையில் எடுத்த சதையின் எடைக்குத்தான் கூலி. தராசில் எண் தெரிகிற பக்கம் எழுதுகிறவரைப் பார்த்து இருக்கிறதா, சதை எடுத்தவரைப் பார்த்து இருக்கிறதா? நான் மேனேஜர் ஆனதும் செய்த முதல் காரியம் தராசைத் திருப்பி வைத்ததுதான். இரண்டு பக்கமும் எண் தெரிகிற தராசு வாங்க ஒரு வருடம் போராட வேண்டியிருந்தது.

அடுத்தது சம்பள நாள். அதற்கும் அடுத்தது இ.எஸ்.ஐ., பி.எஃப். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவர் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். பிடித்த பணத்தை ஒழுங்காகக் கட்டாமல் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ஸ்வீட்டையும் சாப்பிட்டிருக்கிறேன், அது வேறு விஷயம். இதெல்லாம் சரியான பிறகு குடும்பம் என்று சொல்லிக்கொள்ளட்டும். அப்போது ஒருவேளை சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

4. கேட்ட நேரத்துல முன்பணம் கொடுக்கறோம். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் நாங்கதான். அதைவிடப் பாசம் என்ன வேணும்?

பாம்பனில் ஒரு சம்மாட்டி கேட்டது. கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில்தான் நிற்கும். மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கிற 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்து இரண்டு மாதம் ஓட்டிவிட முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற செலவும் அதற்குள்தான் வரும். அந்த நேரத்தில் கை கொடுப்பவர் சம்மாட்டிதான்.

ஆனால் அந்தப் பணம் இரண்டு வேலை செய்கிறது. பசியைத் தீர்க்கிறது, ஆளையும் கட்டிப்போடுகிறது. கடன் தீராமல் வேறு படகுக்குப் போக முடியாது. பங்கில் கழித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது சம்மாட்டி நோட்டில் மட்டும் இருக்கும். அதனால் நான் அவரிடம் மூன்று விஷயம் கேட்டேன். கணக்கு படகில் வேலை செய்கிறவன் கையிலும் எழுதி இருக்கிறதா? அதற்கு வட்டி உண்டா? நாளைக்கே அவன் வேறு படகுக்குப் போகிறேன், பணத்தைத் தவணையில் தருகிறேன் என்றால் சரி என்பீர்களா? மூன்றாவதற்கு அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

முன்பணம் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது தொழில், தொழிலாகவே செய்யுங்கள். அதைக் காரணம் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுத்தால், அது 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரக்கூடிய விஷயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. கடல்ல சத்தம் போடாம ஒண்ணும் நடக்காது. திட்டக்கூடாதுன்னா எப்படி?

சத்தம் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது, வலை இழுக்கிற வின்ச்சில் கயிறு ஏறும்போது, “தம்பி, கையை எடுப்பா” என்று மெதுவாகச் சொன்னால் கை இருக்காது. அந்த நேரத்தில் கத்துவதுதான் பாசம். அவனுடைய அம்மாவை, சாதியை, கறுப்பை, குட்டையை இழுப்பது வேறு. அதற்கும் கயிற்றுக்கும் சம்பந்தமில்லை.

பாக் விரிகுடாவில் விசைப்படகு போவது திங்கள், புதன், சனி. மற்ற நாள் வலை சரிபார்ப்பதும் டீக்கடையும்தான். திட்டியதற்குக் காரணம் என்ன என்று அந்த நாளில் உட்கார்ந்து சொல்லலாமே. ஒரு படகு டிரைவர் அப்படிச் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “மேடம், அவன் மூணு நாள் தூங்காம வந்திருக்கான், பிள்ளைக்குக் காய்ச்சல். கேக்காம திட்டிட்டேன்” என்றார்.

6. கொஞ்சம் இளகினா தலையில ஏறி உக்காந்துருவாங்க. அனுபவத்துல சொல்றேன்.

சிலர் உட்காரத்தான் செய்வார்கள். எங்களிடம் தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தெருவுக்குத் தண்ணி லாரி ஆறரைக்குத்தான் வருகிறது, குடத்தை விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது என்றாள். அவளுக்கு அரை மணி நேரம் தள்ளி நேரம் கொடுத்தோம், சாயங்காலம் அரை மணி நேரம் கூட இருந்தாள். அதன் பிறகு தாமதமே இல்லை.

இன்னொருத்தி சொன்னதெல்லாம் கதை. இரண்டு முறை சொன்னேன், மூன்றாவது முறை அரை நாள் கூலி போயிற்று. அதற்குப் பிறகும் மாறவில்லை, வேலையிலிருந்து நிறுத்தினேன். இரண்டு பேரிடமும் முதலில் செய்தது ஒன்றுதான்: காரணம் கேட்டேன். கேட்பதால் யாரும் தலையில் ஏறுவதில்லை. கேட்டுவிட்டு, பதில் பொய் என்று தெரிந்தும் சும்மா இருந்தால் ஏறுவார்கள். அப்படிச் சும்மா இருப்பது பாசமில்லை, சோம்பல்.

7. இதுக்கு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா, இல்ல உங்க அனுபவம் மட்டும்தானா?

இருக்கிறது. சிகல் பார்சேட், ஒலிவியா ஓ’நீல் என்ற இருவர் அமெரிக்காவில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு நிலையத்தை 16 மாதம் கவனித்து 2014-இல் எழுதினார்கள். ஊழியர்களுக்குள் பரிவும் அக்கறையும் கூடுதலாக இருந்த பிரிவுகளில் லீவு போடுவதும் மனம் சோர்ந்துபோவதும் குறைவு. அங்கே இருந்த முதியவர்களின் மனநிலையும் நன்றாக இருந்தது, அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் குறைந்திருந்தது. ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொண்ட விதம், அவர்கள் கவனித்துக்கொண்ட ஆட்கள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வு. நல்ல தலைமை இருக்கிற குழுவில் மருந்து கொடுப்பதில் தப்பு குறைவாக இருக்கும் என்று நினைத்துக் கணக்கெடுத்தார். கணக்கில் அந்தக் குழுக்களில்தான் தப்பு அதிகம்! யோசித்துப் பார்த்தால், அவர்கள் அதிகம் தப்பு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். முதல் கேள்வியில் சொன்ன நண்டு குத்திய விரலை நினைத்துப் பாருங்கள். எங்கள் அக்கா எட்மண்ட்சனைப் படித்ததில்லை.

8. ஒரு லோடு திரும்பி வந்துருச்சு. பாசம்னு சொல்லிட்டு யாரு தப்புனு கண்டுபிடிக்காம விட முடியுமா?

விடவே கூடாது. எந்த மேசை, எந்த நாள், ஐஸ் எப்போது தீர்ந்தது என்று கடைசி வரை தோண்டுங்கள். தோண்டுவது அடுத்த லோடுக்காக. ஆளைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்த அல்ல. வெளியே பதில் சொல்கிற ஆள் நீங்கள்தான்.

நம் ராமேஸ்வரத்துக் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பழசாகிவிட்டது, ஆனாலும் இந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் ராக்கெட் வெற்றியாகப் போனபோது, “நீ போய்ப் பேசு” என்று கலாமை அனுப்பிவிட்டார். இடைப்பட்ட அந்த ஒரு வருடமும் எது பிசகியது என்று தோண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

9. எங்க மேஸ்திரிக்குப் பாசம் நெறையவே இருக்கு. எல்லாம் அவரு ஊர்க்காரங்களுக்குத்தான். அதுக்கு என்ன சொல்றீங்க?

இந்தக் கேள்வியை மேஸ்திரிகள் கேட்டதே இல்லை, எப்போதும் பெண்கள்தான் கேட்பார்கள். ஊர், சாதி, தெரு, தேவாலயம், பள்ளிவாசல் என்று பாசம் ஓடுகிற வாய்க்கால்கள் நம் கரையில் ஏற்கெனவே வெட்டிவைத்திருக்கின்றன. தண்ணீர் தானாக அந்தப் பக்கம்தான் போகும்.

அதனால் மனதை நம்பாதீர்கள், தாளில் எழுதுங்கள். நண்டில் துடுப்புக்காலை அசைக்கிற பெரிய சதைக்கட்டியை ஜம்போ என்போம், அதற்குத்தான் விலை அதிகம். பெரிய நண்டு எந்த மேசைக்குப் போகிறதோ அந்த மேசைக்குக் கூலியும் அதிகம். நான் வாரம் ஒரு மேசை என்று சுற்றுமுறை எழுதிச் சுவரில் ஒட்டினேன். என் சொந்தச் சித்தி மகள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அதைச் சரியாகச் செய்ததற்கான சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். இப்போது வடமாநிலத்துப் பிள்ளைகளும் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரும் அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். “டேய், இந்திக்காரா” என்பது ஒரு பெயர் இல்லை.

10. நான் ஆம்பள சூப்பர்வைசர். பொம்பளப் புள்ளைங்ககிட்ட பாசமா இருந்தா தப்பாப் பேசமாட்டாங்களா?

எல்லோர் முன்னாலும் செய்ய முடியாத பாசத்தைச் செய்யாதீர்கள். தோளைத் தட்டுவது, இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் “சாப்பிட்டியாம்மா”, ஒருத்தியை மட்டும் பைக்கில் கொண்டுபோய் விடுவது எதுவும் வேண்டாம். “அவ என் தங்கச்சி மாதிரி” என்பது எந்த விசாரணையிலும் பதிலாகாது. இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

2013-ஆம் வருடத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவு என்றால் மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் போகலாம். உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் என்று உங்கள் கம்பெனிச் சுவரில் எழுதியிருக்கிறதா?

சிலர் இதைக் கேட்டுவிட்டு, எதற்கு வம்பு என்று பெண்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. செய்ய எவ்வளவோ இருக்கிறது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வேலையை முடியுங்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு ஸ்டூல் போடுங்கள். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. நான் பேசப்போன கடையில் ஸ்டூல் இருந்தது, அதன் மேல் துணிக்கட்டு இருந்தது.

11. என் படகுல போன பையனைச் சிலோன் நேவி பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவன் வீட்டுக்குப் போகவே எனக்குப் பயமா இருக்கு. நான் என்ன செய்யணும்?

அன்றைக்கே போங்கள். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள். அவன் அம்மா கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார், நின்று கேளுங்கள். எந்தச் சிறை, எந்தத் தேதி கோர்ட், வக்கீல் யார் என்று தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். “நாளைக்கே வந்துருவான்” என்று சொல்லாதீர்கள், அந்த நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சேதி ஒன்றும் இல்லாத நாளிலும் போய், “இன்னைக்குத் தகவல் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு வாருங்கள். அரிசியும் மளிகையும் கேட்காமலே போகட்டும், அதை முன்பணக் கணக்கில் எழுதாதீர்கள்.

படகும் சிலோன் நேவி கையில்தான் இருக்கிறது, உங்களுக்கும் லட்சக்கணக்கில் நஷ்டம், எனக்குத் தெரியும். அதை அந்த வீட்டுத் திண்ணையில் மட்டும் பேசாதீர்கள்.

12. ஆளைக் குறைக்கச் சொன்னா? அப்ப எங்க போகும் பாசம்?

இதில் நான் தோற்றிருக்கிறேன். ஒரு வருடம் நண்டு வரத்து படுத்துவிட்டது. ஆறு பேரைக் குறைக்கச் சொன்னார்கள். பெயரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிவிட்டு, நான் ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணக்கு பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதில் ஒருத்தி என்னோடு அதே மேசையில் ஐந்து வருடம் உட்கார்ந்தவள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “போகச் சொன்னது பரவாயில்ல. நீ வந்து சொல்லியிருக்கலாம்ல” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை. ஒரு மாதம் முன்னாலேயே நேரில் சொன்னேன். யாரை, ஏன் என்பதற்கு ஒரே அளவுகோல் வைத்தேன். கணக்கை அன்றைக்கே முடித்து, பி.எஃப். எடுக்கிற விவரத்தையும் சொல்லி, வேறு கம்பெனிக்குப் போன் போட்டேன். அப்போதும் அழுதார்கள், ஒருவர் என்னைச் சபித்தார். பாசமாகச் செய்தால் வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

13. முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்காது. நடுவுல நிக்கிற சூப்பர்வைசர் நான் என்ன செய்ய முடியும்?

கூலியை ஏற்ற உங்களால் முடியாது. மேசை சுற்றுமுறை, காயக்காரருக்கு மாற்று வேலை, பேசுகிற வார்த்தை எல்லாம் உங்கள் கையில்தான். அங்கே ஆரம்பியுங்கள்.

முதலாளியிடம் பாசம் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள், அவருக்குப் புரிகிற கணக்கில் பேசுங்கள். ஜம்போவை உடையாமல் எடுக்கப் பழக ஒரு கைக்குப் பல மாதம் ஆகும். உடைந்த கட்டி மலிவு ரகத்துக்குப் போய்விடும். ஒரு பழகிய கை கோபித்துக்கொண்டு பக்கத்துக் கம்பெனிக்குப் போனால், அடுத்து வரும் புதுக்கை எவ்வளவு சதையை உடைக்கும் என்று ஒரு வாரம் எடை போட்டு எழுதிக்கொண்டு போங்கள். நான் அப்படி ஒரு தாளைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் இரண்டு பக்கமும் எண் தெரிகிற தராசு வந்தது.

14. எல்லார் கஷ்டத்தையும் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கமே போச்சு. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?

ரொம்ப நாள் சமாளிக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். “வெளியில எல்லாருக்கும் அக்கா, வீட்டுல மட்டும் மேனேஜரா?” என்று மூத்தவன் கேட்டான்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். யார் என்ன சொன்னார்கள், நான் செய்ய வேண்டியது உண்டா, இல்லையா என்று இரண்டு வரி எழுதுவேன். ஆஸ்பத்திரி அட்டை, நேரம் மாற்றுவது, பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று முக்கால்வாசி என்னால் ஆகிற சின்ன விஷயம். குடிகார வீட்டுக்காரர், மாமியார், நிலத்தகராறு எல்லாம் மீதிப் பக்கம். அதைக் கேட்டுக்கொள்வேன், யாரிடம் போகலாம் என்று தெரிந்தால் சொல்வேன், அத்தோடு விட்டுவிடுவேன். மேசைக்கு ஒருவர் என்று நான்கு பெண்களையும் இதற்குப் பழக்கினேன். அவர்கள் என்னைவிட நன்றாகக் கேட்டார்கள், பாதி விஷயம் என் வரை வரவே இல்லை. நோட்டை ஆபீஸ் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். எடுத்துக்கொண்டு போன அன்றைக்கெல்லாம் தூக்கம் வந்ததில்லை.